பதினான்கு முறை எழுதிப் பழகிய கையெழுத்து

திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

“என் மகனுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு படிக்கிறான். மூன்றாம் வகுப்பு வரை அவன்தான் வகுப்பில் முதல் என்பதால் உறவினர்கள் எல்லோரும் அவனைக் ‘கலெக்டர்’ என்றே கூப்பிடுவார்கள். சென்ற மாதக் கணக்குத் தேர்வில் 25க்கு 11 வாங்கியவன், விடைத்தாளில் என் கையெழுத்தைத் தானே போட்டு, தையல் மெஷினுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறான். அவனுடைய ரஃப் நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் பதினான்கு முறை என் கையெழுத்தை எழுதிப் பழகியிருந்தான். கணவரின் சித்தப்பா குடும்பத்தார் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருந்த நேரத்தில் என் மாமியார் அந்தத் தாளைக் கண்டெடுத்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் நீட்டினார். ‘உன்னால எனக்கு மானமே போச்சு, உன்னைப் பெத்ததுக்கு ஒரு கல்லைப் பெத்திருக்கலாம்’ என்று கத்திவிட்டேன். அன்றிரவு சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், ‘நான் வேஸ்ட்டும்மா’ என்று மட்டும் சொன்னான்.

அந்தச் சொற்கள் என் அப்பாவுடையவை. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு முற்றத்தில் அத்தனை பேருக்கும் கேட்கும்படி என் மதிப்பெண்களை வாசித்துவிட்டு இதையேதான் சொன்னார். இன்றும் பள்ளியிலிருந்து போன் வந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. கணவரோ, ‘நாங்கெல்லாம் அடி வாங்காமயா வளர்ந்தோம்’ என்கிறார். தாயாக இருக்கவே நான் தகுதியில்லாதவள் என்று தோன்றுகிறது. இந்த அவமானம் என்னோடு முடிய வேண்டும். என் மகன் மனம் உடைந்துபோகாதவனாக வளர நான் என்ன செய்ய வேண்டும்?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு வாக்கியங்களை நான் அடிக்கோடிட்டு வைத்தேன். ஒன்று, உங்கள் மகன் சொன்ன “நான் வேஸ்ட்”. மற்றொன்று, நீங்கள் உங்களைப் பற்றி எழுதிய “தகுதியில்லாதவள்”. ஒன்பது வயதுப் பிள்ளையும் அவனைப் பெற்றவளும் ஒரே வீட்டில் ஒரே தீர்ப்பை ஆளுக்கொரு விதமாகத் தங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அவன் ஒரு தாளை ஒளித்தான். நீங்கள் சில சொற்களைச் சொன்னீர்கள். இரண்டும் தவறான செயல்கள், இரண்டையும் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் இருவருமே செயலைப் பார்க்காமல், செய்த ஆளையே தள்ளுபடி செய்துவிட்டீர்கள்.

உளவியலில் இந்த வேறுபாட்டுக்கு முக்கியமான இடம் உண்டு. ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் இதைத் தெளிவாக எழுதினார்: குற்றவுணர்வில் மனம் ‘நான் செய்தது’ என்பதைப் பார்க்கிறது, அவமான உணர்வில் ‘நான்’ என்பதையே பார்க்கிறது. அவருக்குப் பின் ஜூன் டாங்னி முதலானோர் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், செயலுக்காக வருந்துகிறவர்கள் மன்னிப்புக் கேட்கவும் ஈடுசெய்யவும் முற்படுவதும், தன்னையே இழிவாக உணர்கிறவர்கள் ஒளிந்துகொள்ளவோ பழியைப் பிறர்மேல் போடவோ எரிந்து விழவோ செய்வதும் திரும்பத் திரும்பக் காணப்பட்டன. நமக்கு இது புதிய செய்தியும் அன்று. திருக்குறளின் நாணுடைமை அதிகாரம், நாணம் என்பது ஒருவர் தம் செயலை எண்ணி நாணுவது என்று சொல்லித்தான் தொடங்குகிறது. அந்த நாணத்தை ஊர் பார்க்கும் பார்வைக்கு நாணுவதாக நாம் எப்போது மாற்றிக்கொண்டோம் என்பது தனிக் கதை.

அவமானப்பட்டவர் ‘பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது’ என்பார். நம் வழக்கில் உள்ள இந்தச் சொல், அந்த நேரத்தில் உடம்பு செய்வதை அப்படியே சொல்கிறது. தலை கவிழ்கிறது, கண் எதிரிலிருப்பவரைத் தவிர்க்கிறது, முகம் சூடாகிறது, தொண்டை அடைக்கிறது. காணாமல் போய்விட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்கு அந்த நிமிடத்தில் வகுத்தல் கணக்கு விளங்காது. இனி எப்படி இன்னும் நன்றாக ஒளிப்பது என்பதைத்தான் அவன் கற்பான். அன்று கூடத்தில் நடந்ததால் அவன் படிப்பு ஒரு மதிப்பெண்கூட உயராது. அடுத்த தாள் தையல் மெஷினுக்கு அடியில் இருக்காது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பதினான்கு கையெழுத்துகளுக்கு வருகிறேன். நீங்கள் அதைத் திருட்டுப் புத்தியின் ஆரம்பமாகப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பக்கத்தில் அச்சம் தெரிகிறது. விடைத்தாளை மறைக்க ஒன்பது வயதுப் பிள்ளை இவ்வளவு உழைக்கிறான் என்றால், அந்த 11 மதிப்பெண்ணில் அவன் எதை இழந்துவிடுவதாக நினைத்தான் என்று கேட்க வேண்டும். விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை அவன் கலெக்டர்.

1998இல் கிளாடியா மியூல்லர், கேரல் ட்வெக் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் ஒரு சாராரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும், இன்னொரு சாராரிடம் ‘நீ நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் ஒரே ஒரு வாக்கியத்தில் பாராட்டினார்கள். அடுத்துக் கொடுத்த கடினமான புதிர்களில் எல்லோருமே தடுமாறினார்கள். பிறகு, வேறொரு பள்ளியில் படிக்கும் முகம் தெரியாத ஒரு பிள்ளைக்கு இந்தப் புதிர்களைப் பற்றி எழுதச் சொல்லி, தாங்கள் வாங்கிய மதிப்பெண்ணையும் அதில் குறிக்கச் சொன்னார்கள். ‘புத்திசாலி’ என்று பாராட்டப்பட்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் இருவர் மதிப்பெண்ணைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களில் அப்படிச் செய்தவர்கள் 13 சதவீதம். யாரென்றே தெரியாத ஒருவரிடம், அதனால் எந்த ஆதாயமும் இல்லாதபோது, நல்ல பிள்ளைகள் பொய் சொன்னார்கள். ஒரே வாக்கியம் தந்த பட்டத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக. உங்கள் மகனுக்கு அந்தப் பட்டம் பல ஆண்டுகளாக, உறவினர் வாய்களிலெல்லாம், ஆசையோடு சூட்டப்பட்டிருக்கிறது. ஆசையோடு சூட்டியது என்பதால்தான் அது கனக்கிறது. ஏசினால் எதிர்த்துப் பேசலாம், கொஞ்சினால் என்ன செய்வது? ஆகவே உங்கள் வீட்டில் முதலில் நிறுத்த வேண்டியது அந்த ‘கலெக்டர்’ என்ற பெயரைத்தான். ‘மக்கு’ என்பதும் ‘கலெக்டர்’ என்பதும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்.

இப்போது உங்களைப் பற்றி. அன்று கூடத்தில் நீங்கள் யாரைப் பார்த்துக் கத்தினீர்கள் என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். மாமியார் தாளை நீட்டுகிறார், சித்தப்பா வீட்டார் அத்தனை பேரும் உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த நொடியில் நீங்கள் நின்றது உங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று, லைன் வீட்டு முற்றத்தில். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது வந்தது, ஆனால் அவளிடம் இருந்தவை அப்பாவின் சொற்கள் மட்டுமே. இதை உங்கள் செயலுக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால்தான் அடுத்த முறை அந்தச் சொற்கள் வருவதற்கு முன் தடுக்க முடியும் என்பதால் சொல்கிறேன்.

தடுக்கும் இடம் உடம்புதான். பள்ளியிலிருந்து போன் வந்தால் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த நடுக்கம் உங்களுக்கு உதவி செய்யக்கூடியது. அது வரும்போது, ‘இது பழைய பயம், இப்போது யாரும் என்னை முற்றத்தில் நிறுத்தவில்லை’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். உணர்வுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் அதன் வேகம் சற்றுக் குறைவதை நீங்களே காண்பீர்கள். அந்த நேரத்தில் பிள்ளையிடம் எதுவும் பேசாமல் அடுப்படிக்கோ கொல்லைக்கோ போய்விடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கண்டித்தால் குடி முழுகிவிடாது.

இன்னொன்றும் செய்யுங்கள். முற்றத்தில் நடந்ததை உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம், தோழியோ தங்கையோ, முழுவதுமாக ஒரு முறை சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் யாரிடமும் அதைச் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம். யாரிடமும் சொல்லாத வரை அவமானம் அன்று நடந்த அளவிலேயே உள்ளே கிடக்கும். சொல்லக் கேட்ட ஒருவர் முகம் சுளிக்காமல் உங்கள் கையைப் பிடித்தால், அந்த முற்றத்தில் தவறு செய்தது யார் என்பது உங்கள் காதுக்கே கேட்கும். அப்பாவிடம் போய் இப்போது நியாயம் கேட்க வேண்டுமா, மன்னிக்க வேண்டுமா என்று குழம்பிக்கொள்ளாதீர்கள். மன்னிப்பு வரும்போது வரட்டும், வராமலும் போகட்டும். இந்த வேலைக்கு அது முன்நிபந்தனை இல்லை.

அடுத்து, மகனிடம் பேச வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரானிக் 1970களில் கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாய் திடீரென்று சில நிமிடம் எந்த அசைவும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருப்பாள். குழந்தை அவளை இழுத்துப் பார்க்கும், கை நீட்டும், அழும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். தாய் பழையபடி சிரித்து அழைத்ததும் பெரும்பாலும் மெல்ல மெல்லத் திரும்பி வரும். சாதாரண நாள்களில்கூட அன்பான தாயும் குழந்தையும் ஒருவருக்கொருவர் இசைந்திருப்பது பாதிக்கும் குறைவான நேரமே என்பதும், மீதி நேரமெல்லாம் தவறவிடுவதும் மறுபடி சேர்வதுமாகவே கழிகிறது என்பதும் அவர் கண்டது. தவறாத தாய் குழந்தைக்குத் தேவைப்படவில்லை. அறுந்த இடத்துக்குத் திரும்பி வந்து முடிச்சுப் போடும் தாய் தேவைப்படுகிறாள். உங்கள் வீட்டில் முடிச்சு இன்னும் போடப்படவில்லை. உங்கள் கடிதத்தின்படி அந்த இரவுக்குப் பின் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அவன் குளித்துச் சாப்பிட்டு இலகுவாக இருக்கும் ஒரு நேரத்தில், வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ பேசுங்கள். நேருக்கு நேர் உட்காரவைத்தால் அது விசாரணை ஆகிவிடும். “அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது அம்மா உன்னைக் கல்லுன்னு சொன்னேன். அது பொய். அப்படிச் சொன்னது அம்மா செஞ்ச தப்பு. உனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும், எனக்கும் சின்ன வயசுல அப்படி நடந்திருக்கு.” இவ்வளவு போதும். இதன் பின்னால் ‘ஆனா நீயும் ஒளிச்சுவச்சது தப்புதானே’ என்று ஒரு வால் சேர்த்துவிடாதீர்கள். அந்த ‘ஆனா’ முன்னால் சொன்னதையெல்லாம் அழித்துவிடும். அவன் முன்னால் தேம்பி அழவும் வேண்டாம், உங்களைத் தேற்றும் பாரம் அவன்மேல் ஏறிவிடும். அவன் “சரி விடும்மா” என்று சொல்லிவிட்டு ஓடினால், அவன் கேட்டுக்கொண்டான் என்றே பொருள்.

அவமானம் நாலு பேர் முன்னால் நடந்ததால், சரிசெய்வதில் ஒரு பங்காவது பிறர் காதில் விழ வேண்டும். மாமியார் அருகில் இருக்கும்போது, “அன்னைக்கு நான் அவனைப் பேசினது தப்பு அத்தை, இனி மார்க் தாளை நானும் அவனும் தனியா உட்கார்ந்து பார்த்துக்கறோம்” என்று சொல்லுங்கள். அவர் மீது குற்றம் சுமத்தாமலேயே வீட்டின் விதியை மாற்றிவிடும் வாக்கியம் அது.

கையெழுத்து விவகாரத்தை அப்படியே விட்டுவிடலாமா என்றால், கூடாது. அது ஒரு செயல், அதற்கு அவன் பொறுப்பு. ஓரிரு நாள் கழித்து, “இந்தக் கையெழுத்து நான் போட்டதில்லை, இதை எப்படிச் சரிசெய்யலாம்?” என்று அவனிடமே கேளுங்கள். நீங்களும் அவனும் சேர்ந்து போய், தனியாக, வகுப்பு ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி, உங்கள் கையெழுத்தை முறையாகப் போட்டுக் கொடுங்கள். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் இதைப் பேச வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குழந்தையை அடிப்பதை மட்டுமின்றி மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. அவன் ஆசிரியர் முன் நின்று உண்மையைச் சொல்லி, உலகம் இடிந்து விழவில்லை என்று பார்த்துவிட்டு வருவது, இந்த வயதில் மன உறுதிக்குக் கிடைக்கும் அருமையான பயிற்சி.

அந்த 11 மதிப்பெண்ணை இதுவரை வீட்டில் யாராவது பார்த்தீர்களா? எண்ணைச் சொல்லவில்லை, தாளைச் சொல்கிறேன். கடன் வாங்கிக் கழிப்பதில் தவறியிருக்கிறானா, வகுத்தலில் நின்றுவிட்டானா, கரும்பலகையில் இருந்ததைத் தப்பாகப் பார்த்து எழுதியிருக்கிறானா? கடைசியாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகப் படித்த பிள்ளை மூன்றாம், நான்காம் வகுப்பில் திடீரென்று சறுக்கும்போது ஒரு முறை கண் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. கிட்டப்பார்வைக் குறையைப் பிள்ளைகள் தாமாக வந்து சொல்வதில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உங்கள் கணவரோடு வாதாட வேண்டாம். அடி வாங்கி வளர்ந்தவர்களிடம் ‘அது தவறு’ என்றால், தம் பெற்றோரைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். சாவகாசமான ஒரு நேரத்தில், “அடி வாங்கினதுக்கு அப்புறம் நீங்க மார்க் ஷீட்டை எங்கே ஒளிச்சுவைப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். ஆண்கள் இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே விரிவாகப் பதில் சொல்வதை என் ஆலோசனை அறையில் பல முறை கண்டிருக்கிறேன். சிரிப்பு அடங்கியபின் வரும் மௌனத்தில் அவரே கொஞ்சம் யோசிப்பார். கண்டிக்காமல் வளர்க்கச் சொல்லவில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்: கண்டிப்பு இருக்கட்டும், செய்ததைக் குறித்து, தனியாக, சுருக்கமாக.

மனம் உடைந்துபோகாதவனாக வளர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அழாத பிள்ளையை மனத்தில் வைத்து அப்படிக் கேட்டீர்களோ என்று ஓர் ஐயம். ‘ஆம்பளப் பையன் அழலாமா’ என்பதை விட்டுவிடுங்கள்; அழுது முடித்துச் சாப்பிட வருகிற பிள்ளைதான் திடமானவன். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் எனப் பல இடர்கள் ஒன்றாகச் சூழ்ந்த குழந்தைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் பரிவும் உள்ளவர்களாக வளர்ந்திருந்தார்கள். அவர்கள் வாழ்வில் திரும்பத் திரும்பத் தென்பட்டவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். என்ன நடந்தாலும் கைவிடாத பெரியவர் ஒருவராவது, தாத்தா பாட்டியாகவோ ஆசிரியராகவோ, அவர்களுக்கு இருந்தார். வீட்டுக்கு உண்மையாகவே தேவைப்பட்ட ஏதோ ஒரு வேலைக்கு அவர்கள் பொறுப்பாக இருந்தார்கள்.

இரண்டாவதை நாம் மறந்தே போனோம். ‘நீ படி, அது போதும்’ என்று தட்டை நகர்த்தக்கூட விடாமல் வளர்க்கப்படும் பிள்ளைக்கு, தான் மதிப்புள்ளவன் என்பதற்கு மதிப்பெண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த ஒன்றும் 11 ஆகிவிட்டால் ‘வேஸ்ட்’ என்ற முடிவுக்கு வருவதைத் தவிர அவனுக்கு வேறு வழியும் இல்லை. அவனிடம் ஒரு வேலையைக் கொடுங்கள். மாவு அரைக்கக் கடைக்குப் போவதோ, அப்பாயியின் மாத்திரைகளை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதோ, அவன் செய்யாவிட்டால் வீட்டில் ஒன்று குறையும் என்ற வேலையாக அது இருக்கட்டும். மறந்தால் நீங்கள் ஓடிப்போய்ச் செய்துவிடாமல் அவனுக்கே நினைவூட்டுங்கள். மாத்திரை என்றால் மட்டும் நீங்களும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனிக்கச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேலாகத் தூக்கமோ சாப்பாடோ கெட்டால், பள்ளிக்குப் போகும் காலையில் தினமும் வயிற்றுவலி வந்தால், விளையாட்டில் இருந்த ஆசை போய்விட்டால், குழந்தை மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ நேரில் காட்டுங்கள். ‘நான் செத்துட்டா நல்லா இருக்கும்’ என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும், விளையாட்டுப் பேச்சு என்று விடாமல் அன்றே செல்லுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. உங்கள் கை நடுக்கமும் உறக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால், அதே 14416 உங்களுக்கும் உரியது.

பத்திரிகை வைத்தவர்கள் வீட்டுக் கல்யாணம் அடுத்த மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். பந்தியிலோ மண்டப வாசலிலோ யாராவது ஒருவர் நிச்சயம், “என்ன கலெக்டரே, இப்ப கணக்குல எத்தனை?” என்று கேட்பார். முந்தின நாள் இரவே அவனிடம், “யாராவது மார்க் கேட்டா நீ பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்லை, வேணும்னா அம்மா பேசிக்கறேன்” என்று சொல்லிவையுங்கள். கேள்வி வரும்போது அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான். நீங்கள் அவன் தோளில் கை வைத்து, அவனுடைய பெயரைச் சொல்லி, “இவன் இப்ப வகுத்தல் கத்துக்கிட்டு இருக்கான், வீட்டுல மாவு அரைக்கிற பொறுப்பும் இவனுதுதான்” என்று சொல்லிவிட்டு, அவனோடு சேர்ந்து சாப்பிட உட்காருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்